மாத்தளைக்குப் போகும் பாதையில் ஒரு பின்னேரம்



கொஞ்சம் நீளமான பதிவு இது. ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த முறை விடுமுறைக்கு நாங்கள் மாத்தளைக்குப் போயிருந்தோம். எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வீட்டில் இரண்டு பேருமே ஆசிரியர்கள். கலாசாலை முடித்து வெளியேறியதும் எங்கள் இருவருக்கும் கிடைத்த முதல் நியமனம் மாத்தளை மாவட்டத்தில்தான். கடற்கரை மணலில் வளர்ந்த எங்களுக்கு மலையும் குளிரும் அட்டைக்கடியும் அங்கேதான் பழக்கமாகின. மூத்த மகள் பிறந்ததும் அங்கேதான். இடமாற்றம் கிடைத்துக் கிழக்குக்கு வந்து ஏழு வருடமாகிறது. "நான் பிறந்த ஊரை எப்ப காட்டப் போறீங்க?" என்று மகள் கேட்டுக் கேட்டு, கடைசியில் உம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டோம்.

உக்குவெலயில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். இரண்டாம் நாள் காலையில் சீகிரியா. உம்மா அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் ஏறி இறங்கி, வெயிலில் கறுத்துப்போய் வந்தார்கள். தம்புள்ளையில் சாப்பிட்டு, அஸர் தொழுதுவிட்டு, நாலு மணிபோல மாத்தளைப் பக்கம் திரும்பினோம். வேன் ஓட்டிய தம்பி இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். "அவசரம் இல்லை தம்பி, பார்த்துப் பார்த்துப் போவோம்" என்று சொல்லி வைத்தோம்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு 46 கிலோமீற்றர். ஏ9 வீதி. நாவுல தாண்டினால் தரை மெல்ல உயரத் தொடங்கும். வறண்ட பூமி முடிந்து பச்சை தொடங்கும். இடது கைப் பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலோடு நிற்கும். பின்னேர வெயில் அந்த மலையில் விழும்போது பார்க்க வேண்டும். சுப்ஹானல்லாஹ்! ஐந்து வருடம் இதே வீதியில் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்வந்திருக்கிறோம். அப்போதெல்லாம் சீட் கிடைக்குமா என்பதுதான் எங்கள் கவலை. வீதியைப் பார்த்ததில்லை.

இந்தப் பதிவு அந்த வீதியைப் பற்றியது. எங்கள் மனதில் பத்து வருடமாகக் கிடக்கும் ஒரு கேள்வியைப் பற்றியதும்தான்.

அங்கே படிப்பித்த காலத்தில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தோம். ஒரு நாள் 1848 மாத்தளைக் கிளர்ச்சி. சொந்த மாவட்டத்தில் நடந்த சம்பவம் என்பதால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். பாடம் முடிகிற நேரம், தோட்டத்திலிருந்து வருகிற பையன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், அந்த நேரம் எங்க ஆட்கள் எங்க இருந்தாங்க?"

நாங்கள் சொன்ன பதில் இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அது இந்தப் பாடத்தில் இல்லை மகன். பரீட்சைக்கும் வராது."

அவன் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு அந்த வகுப்பில் அவன் கேள்வி கேட்டதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பதில் பிழை. அந்த நேரம் அவனுடைய ஆட்கள் இந்த வீதியில்தான் இருந்தார்கள். நாங்கள் வேனில் ஏசி போட்டுக்கொண்டு வந்த இதே பாதையால் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரின் கைக்குப் போனது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் அவர்கள் மலைநாட்டுக்குள் வீதிகளைத் திறந்தார்கள். வீதி திறந்ததும் கோப்பி வந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் 1838இல் அடிமைமுறை முற்றாக ஒழிந்தபோது அங்கே கோப்பி உற்பத்தி விழுந்தது. இலங்கைக் கோப்பிக்கு இங்கிலாந்தில் இருந்த கூடுதல் தீர்வையும் 1835இலேயே நீங்கியிருந்தது. விலை ஏறியது. கவர்னர் முதல் கச்சேரி உத்தியோகத்தர் வரை காணி வாங்கப் பாய்ந்தார்கள். முடிக்குரிய காணி ஏக்கர் வெறும் 5 ஷில்லிங்குக்குப் போனது. காணிக்கு உறுதி காட்ட முடியாத கிராமத்தவர்களின் சேனையும் காடும் அரசின் சொத்து என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வைத்தது. மாத்தளையைச் சுற்றியிருந்த மலைகளெல்லாம் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாகின.

தோட்டத்துக்கு ஆள் வேண்டும். கண்டியச் சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது. காட்டை வெட்டிக் கொடுக்க வந்தார்களே தவிர, தோட்டத்துக்குள் நிரந்தரக் கூலியாக நிற்க அவர்கள் விரும்பவில்லை. எனவே தோட்டக்காரர்கள் கடலுக்கு அப்பால் பார்த்தார்கள். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம். மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லாத கிராமங்கள்.

அவர்கள் வந்த வழியை இப்படிச் சொல்லலாம். ஊரில் கங்காணி முன்பணம் கொடுப்பார். அந்தக் கடனோடுதான் பயணம் தொடங்கும். தென்னிந்தியக் கரைவரை நடை. பாம்பன், தேவிபட்டினம், தொண்டி போன்ற துறைகளிலிருந்து தோணி. மன்னார்க் கரையில் இறக்கம். அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள்ளால் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை. ஏறத்தாழ 150 மைல், அதாவது 240 கிலோமீற்றர். எல்லாம் கால்நடை. அன்றைய ஆவணங்களில் இதற்குப் பெயர் வடக்குப் பாதை. மாத்தளைதான் அதன் முடிவு. இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் எந்தத் தோட்டம், எந்த மலை என்று பிரிந்து போவார்கள்.

பாதை என்றதும் தார் வீதியை நினைக்க வேண்டாம். தலையில் சட்டி பானை, தோளில் கம்பளி, மடியில் கொஞ்சம் அரிசி. வழியில் தண்ணீர் கிடைப்பது குளத்தில்தான். மழை இல்லாத மாதங்களில் குளத்தின் அடியில் கிடப்பது சேறு. அதைத்தான் மாடும் குடிக்கும், மனிதனும் குடிப்பான். அப்படித்தான் கொலரா பரவியது. காய்ச்சலும் பெரியம்மையும் கூடவே வந்தன. கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் கூட வந்தவர்களால் நிற்க முடியாது. நின்றால் அரிசி முடியும். விழுந்தவர் வழியோரத்திலேயே விடப்பட்டார். எத்தனை பேர் அப்படிச் செத்தார்கள் என்பதில் அந்தக் காலத்திலேயே பத்திரிகைகளும் அதிகாரிகளும் முட்டி மோதிக்கொண்டார்கள். எண்ணிக்கையில் இழுபறி இருந்தது. வழியோரம் எலும்புகள் கிடந்ததில் இழுபறி இருக்கவில்லை. பாதையில் கிணறும் தங்குமடமும் மருந்துச்சாலையும் பிற்காலத்தில்தான் வந்தன.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆட்கள் நிறையத் தேவை. அதனால் தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பறித்து முடிந்ததும் கையில் கிடைத்ததோடு இதே பாதையால் திரும்பி நடப்பார்கள். அப்போது நோயோடு கள்வர் பயமும் சேரும். வருடத்துக்கு வருடம் பல்லாயிரம் பேர் இப்படி வந்தார்கள், போனார்கள். 1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் வந்தபோது வந்தவர் தொகை வருடத்துக்கு ஒரு இலட்சத்தையும் தாண்டியது. பின்னர் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுக்கக் கொழுந்து. அப்போதுதான் குடும்பம் குடும்பமாக வந்து லயன்களில் தங்கினார்கள்.

நாவுலயில் வேனை நிறுத்தினோம். வீதியோரத்தில் அவித்த சோளம் வாங்கி, ப்ளேன்டீ குடித்தோம். இந்தக் கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது வேன் தம்பியும் டீக் கோப்பையோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டோம், "தம்பி, உங்கட வீட்டில் இந்தக் கதையெல்லாம் சொல்லியிருப்பாங்களே?"

"இல்லைங்க சேர். எங்களுக்கு யாருங்க சொன்னாங்க? பாட்டி இருந்தப்ப 'கண்டிச் சீமைக்கு நடந்து வந்தோம்'னு ஏதோ சொல்லும். சின்னப் புள்ளைங்க நாங்க, காது குடுத்துக் கேக்கல. இந்த ரோட்டுல நான் ஆறு வருசமா வேன் ஓட்டுறேன். இந்த ரோடுன்னு தெரியாதுங்க."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகன் மட்டும் இன்னொரு சோளம் கேட்டான்.

வேனில் ஏறியதும் உம்மா தன் பங்குக்குத் தொடங்கினார். "எங்கட வாப்பாட வாப்பா மாட்டுல சாமான் ஏத்திக்கொண்டு மலைக்குப் போவாராம் மகன். உப்பும் கருவாடும் கொண்டு போய்ப் பாக்கும் மிளகும் கொண்டு வருவாராம். போனா வர மாசக் கணக்காகுமாம்."

உம்மா சொன்னது தவளம். கண்டி இராச்சியத்துக்குக் கடல் இல்லை. உப்பும் கருவாடும் கரையிலிருந்துதான் போக வேண்டும். பொதிமாடுகளில் அவற்றை ஏற்றிக்கொண்டு காட்டு வழியாகப் போன வியாபாரக் கூட்டம்தான் தவளம். அதில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே கண்டி அரசில் 'மடிகே' என்று ஒரு திணைக்களம் இருந்தது. முஸ்லிம்கள் பலர் அதில் இராஜகாரியம் செய்தார்கள். மடிகே என்ற சொல்லோடு தொடங்கும் முஸ்லிம் ஊர்கள் இன்றும் குருநாகல் பக்கத்தில் இருக்கின்றன. போர்த்துக்கேயர் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டியரசன் செனரத் அவர்களில் ஏறக்குறைய 4,000 பேரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான் என்பதை நாங்கள் மேடைக்கு மேடை சொல்கிறோம். எங்கள் ஊர் வரலாறே அதோடுதான் தொடங்கும்.

அதாவது, இந்தக் காட்டு வழிகளில் எங்கள் முன்னோரின் மாட்டுக் குளம்புகளும் பதிந்திருக்கின்றன. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தவளக்காரருக்குச் சொந்த மாடு இருந்தது, விற்கச் சாமான் இருந்தது, திரும்பிப் போக வீடு இருந்தது. வடக்குப் பாதையால் நடந்தவருக்கு இருந்தது கங்காணியிடம் வாங்கிய கடன் மட்டும்.

நாலந்தாவில் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் கெடிகே. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்று திரும்பினோம். முழுக்கக் கல்லால் கட்டிய சின்னக் கட்டடம். எட்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பார்கள். அமைப்பு பல்லவர் காலத்துத் தென்னிந்தியக் கோயில், இருப்பது பௌத்த வளாகத்தில். சிங்களமா தமிழா, பௌத்தமா இந்துவா என்று இன்று நாங்கள் அடித்துக்கொள்ளும் கேள்வி அதைக் கட்டியவனுக்கு இருக்கவில்லை போலும். இலங்கையின் நடுப்புள்ளி இந்த இடம்தான் என்றும் சொல்வார்கள்.

இதில் சுவாரசியமான விஷயம், கட்டடம் முதலில் இருந்த இடம் இதுவல்ல. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய இடம் தண்ணீருக்குள் போகவிருந்தது. 1975இல் கல் கல்லாகக் கழற்றத் தொடங்கினார்கள். மேட்டில் அதே ஒழுங்கில் திரும்ப அடுக்கி 1980இல் முடித்தார்கள். எங்கள் நண்பரின் உக்குவெலக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீர் சுரங்கத்துக்குள்ளால் உக்குவெல மின்நிலையத்துக்கு வந்து, சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்துதான் போவத்தென்னைக்கு வருகிறது.

மகள் கட்டடத்தைச் சுற்றி வந்து, "எல்லாக் கல்லுக்கும் நம்பர் போட்டா கழட்டினாங்க?" என்று கேட்டாள். ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற இந்த நாட்டுக்கு இவ்வளவு பொறுமை இருந்திருக்கிறது. நல்ல வேலை, பாராட்ட வேண்டும். ஆனால் இதே வழியால் நடந்து போனவர்களைப் பற்றிச் சொல்லும் ஒரு பலகைகூட, அன்று வந்த 46 கிலோமீற்றரிலும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஐந்தரை போல நாலந்தாவிலிருந்து புறப்பட்டோம். பலாபத்வெல தாண்டினால் வரிசையாக வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம், கொக்கோ. மாத்தளையின் மணமே அதுதான். இந்த மணத்துக்குப் பின்னாலும் கோப்பியின் சாவு இருக்கிறது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பூஞ்சண நோய் தென்பட்டது. முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1880களின் நடுவில் கோப்பி ஏறக்குறைய முடிந்துபோனது. தோட்டக்காரர்கள் தேயிலை, சிங்கோனா, கொக்கோ என்று மாறி மாறி நட்டுப் பார்த்தார்கள். மாத்தளையில் கொக்கோவும் மிளகும் நின்று பிடித்தன.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் பாதை வந்தது 1880இல். கோப்பியை ஏற்றத்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள். ரயில் வந்து சேரும்போது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. பாதை அதற்கப்பால் நீளவில்லை. இன்றைக்கும் மாத்தளைதான் கடைசி ஸ்டேசன். 19ஆம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில் வடக்குப் பாதையும் மூடப்பட்டது. ஆட்களைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு நடந்த பாதையை மறப்பது எல்லோருக்கும் லேசாகிவிட்டது.

அலுவிகாரையை வேனிலிருந்தே காட்டினோம். வாய்மொழியாக வந்த திரிபிடகத்தை, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் முதன்முதலாக ஏட்டில் எழுதியது இங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடம் செய்தவர்கள் செத்துப்போனால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில்தான் எழுதினார்கள். மனப்பாடத்தின் அருமை தெரிந்த சமூகம் நாங்கள். யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ்கள் பலர் ஷஹீதான பிறகுதான் அபூபக்கர் (ரழி) அவர்களின் காலத்தில் அதை ஒன்றுசேர்க்கும் வேலை நடந்தது என்று மகள் மத்ரஸாவில் படித்திருக்கிறாள். அவளே அதைச் சொன்னாள். வேன் தம்பியின் பாட்டி சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லையே என்று எங்களுக்கு அப்போது தோன்றியது.

இனி அந்த 1848.

முந்திய வருடம்தான் கவர்னர் டொரிங்டன் வந்திருந்தார். கோப்பி விலை விழுந்து அரசாங்கத்தின் கையில் காசு இல்லை. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். போதாததற்கு, ஒவ்வொரு ஆணும் வருடத்துக்கு ஆறு நாள் சம்பளமில்லாமல் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். ஜூலை 26ஆந் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டார். ஜூலை 28இல் கூட்டம் மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு. நாங்கள் அன்று வந்த அதே வழி. படை வந்து சுட்டது. இராணுவச் சட்டம் போட்டார்கள். மொறட்டுவையில் பிறந்த புரான் அப்புவை ஆகஸ்ட் 8ஆந் திகதி சுட்டுக் கொன்றார்கள். கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் பிடிபட்டு, கசையடி வாங்கி, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். இங்கிலாந்துப் பாராளுமன்றம்வரை விவகாரம் போய், 1850இல் டொரிங்டனைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நாங்கள் வகுப்பில் நன்றாகத்தான் படிப்பித்தோம். திகதிகளைப் பாடமாக்கிக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பையன் கேட்டது திகதி இல்லை. ஒரு வீதியில் இரண்டு கூட்டம் நடந்திருக்கிறது. ஒன்று காணி பறிபோய், வரி தாங்க முடியாமல் எழுந்தவர்கள். மற்றது அந்தப் பறிபோன காணியில் வேலை செய்யக் கடனோடு கொண்டுவரப்பட்டவர்கள். இரண்டு கூட்டத்தையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஒரே கோப்பி. இவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள், பின்னால் ஏன் பகையாளிகள்போல வளர்க்கப்பட்டார்கள்? அந்தப் பையனின் கேள்வியோடு அந்தப் பாடத்தைத் தொடங்கியிருக்கலாம். நாங்கள் முடித்துவிட்டோம்.

அவர்களுக்குப் பிறகு நடந்ததையும் இரண்டு வரியில் சொல்ல வேண்டும். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்றும் வைத்தார்கள். பாட்டன் இறங்கிய அதே மன்னார்க் கரையால் பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

மன்னார் என்றதும் எங்கள் சமூகத்துக்கு 1990 ஒக்டோபர்தான் ஞாபகம் வரும். விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கையில் ஒரு பொதியோடு புறப்பட்டவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது மறக்கப்படக் கூடாது, பாடப் புத்தகத்தில் வர வேண்டும் என்று பேசுகிறோம், எழுதுகிறோம். அது எங்கள் உரிமை. அதே வாயால்தான் பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையிடம் "பரீட்சைக்கு வராது" என்று சொல்லியிருக்கிறோம். இந்தக் கணக்கு எங்களுக்குப் பிழையாகப் படுகிறது.

மாத்தளை டவுனுக்குள் வரும்போது மஃரிப் நேரம் நெருங்கிவிட்டது. முத்துமாரியம்மன் கோவில் இராஜகோபுரத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். 108 அடிக் கோபுரம். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும், நாங்கள் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறோம். 1983 ஜூலையில் இந்தக் கோவிலும் தீக்குத் தப்பவில்லை. வழியில் அம்மை கண்டு உறவுகளைப் பறிகொடுத்து வந்தவர்கள், நடை முடிந்த ஊரில் மாரியம்மனைத்தான் முதலில் தேடியிருப்பார்கள். அவர்களுடைய நம்பிக்கை வேறு, எங்களுடையது வேறு. ஆனால் 150 மைல் நடந்து உயிரோடு வந்து சேர்ந்த ஒரு மனிதன் அங்கே நின்று என்ன நினைத்திருப்பான் என்று விளங்கிக்கொள்ள அது தடையில்லை.

பள்ளியில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தோம். நன்றாக இருட்டிவிட்டது. 1803இல் ஆங்கிலேயர் கட்டிய மக்டோவல் கோட்டையில் மிஞ்சியிருக்கும் வாசலைக் காட்ட நினைத்தோம், முடியவில்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

உக்குவெலக்குத் திரும்பும்போது வேன் தம்பி கேட்டார். "சேர், ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தி கொஞ்சப் பேரு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்து வந்தாங்களே, அது இதுக்குத்தானா?"

அதற்குத்தான். மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று, 2023 ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் தொடங்கி, 16 நாள் நடந்து, ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லாச் சமூகத்தவரும் அதில் நடந்தார்கள். நாங்கள் அப்போது ஊரில் இருந்து போனில் படம் பார்த்து ஒரு லைக் போட்டோம். அந்தப் பையன் அதில் நடந்தானா தெரியாது. நடந்திருந்தால், எங்களிடம் கேட்டதற்குப் பதிலைக் காலாலேயே தேடிப் பிடித்திருக்கிறான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் இந்த வீதியால் போகின்றன. சீகிரியாவில் இறக்குகிறோம், தம்புள்ளையில் இறக்குகிறோம். இடையில் பாட்டுப் போட்டுவிட்டு நாங்களும் தூங்குகிறோம். அடுத்த முறை நாலந்தாவுக்கும் மாத்தளைக்கும் இடையில் பத்து நிமிடம் பாட்டை நிறுத்துங்கள். பிள்ளைகளை எழுப்பி, இந்த வீதியால் யார் நடந்து வந்தார்கள் என்று சொல்லுங்கள். தவளத்தையும் சொல்லுங்கள், 1848ஐயும் சொல்லுங்கள், கோப்பிக் கூலிகளையும் சொல்லுங்கள். பரீட்சைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.

மாத்தளை, இறத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து வாசகர்கள் யாராவது இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் நடந்து வந்ததைப் பற்றிச் சொன்னது ஒரு வரியாக இருந்தாலும் எழுதி வையுங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த தவணை வகுப்பில் அதிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வேன் தம்பி எங்களை இறக்கிவிட்டுப் போகும்போது கூலியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட கேக்கணுங்க, பாட்டி எந்த ஊருன்னு."